பெயரிடாதவர்: 214

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நடந்தது நடந்ததுதான். டிசம்பர் 11, வியாழக்கிழமை. மொன்றியல், சென்ட் லோரன்டில் ஒரு துணிக் கிட்டங்கிக்கு மேலே இருக்கும் ஸ்டூடியோ. கீழே வரும் நேரங்களைத் தேவதாசனின் கம்ப்யூட்டரும் போனும் தானாகவே குறித்து வைத்தன. ஒரு நிமிடமும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

தேவதாசன் பதினேழு வருடமாகக் கலியாணப் படம் பிடிக்கிறவன். மற்றவர்கள் தாளின் தடிப்பையும் தோல் அட்டையையும் சொல்லி அல்பம் விற்பார்கள். அவன் விற்ற விதம் வேறு. சேலைக்கடைகளில் அவன் வைக்கும் துண்டுப் பிரசுரத்தில் ஒரே வரிதான்: ‘உங்கள் அல்பத்தில் யார் நிற்கலாம் என்பதை நீங்களே சொல்லுங்கள்.’ விளக்கம் தேவையில்லை. கோபித்துக்கொண்ட சித்தப்பா, பிரிந்துபோன மருமகன், சொல்லாமல் கட்டிக்கொண்டு போன மச்சாள்... யாரைச் சொன்னாலும் எடுத்துவிடுவான். நின்ற இடத்தில் திரைச்சீலை வந்துவிடும், இல்லாவிட்டால் பூமாலை. ஒட்டுத் தெரியாது. பிறகு மூலப் படங்களையும் அழித்துவிடுவான். கேட்டால், ஆக்களைச் சேர்க்கிறது தரகற்றை வேலை, கழிக்கிறது என்ரை வேலை என்று சிரிப்பான்.

நகரின் மேற்கே பியர்பொன்ட்ஸில் இருக்கும் புஷ்பவதி தன் இளைய மகள் கஜந்தினியின் கலியாணத்துக்கு மூன்று அல்பம் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, தன் வீட்டுக்கு ஒன்று, லண்டன் சொந்தங்களுக்கு ஒன்று. நிபந்தனையும் ஒன்றுதான். மூத்த மகள் றொஷினி எந்தப் பக்கத்திலும் இருக்கக் கூடாது. றொஷினியின் புருஷன் கலியாணம் முடித்து எட்டாம் மாதம் செத்துப்போனவன்.

“மாப்பிள்ளை வீட்டார் அல்பத்தைத் திறக்கேக்கை தாலியறுத்தவள் நிக்கக் கூடாது, தம்பி,” என்றாள் புஷ்பவதி. பெற்ற பிள்ளையைத்தான் சொன்னாள்.

அந்தக் கலியாணத்தில் ஓடியாடியவள் றொஷினி மட்டும்தான். தங்கைக்குச் சேலைக்கு ஊசி குத்தியவள், தட்டம் பிடித்தவள், வியர்வை துடைத்தவள் எல்லாம் அவள்தான். ஒரு கிழமைக்கு முன் தேவதாசனுக்குப் போன் எடுத்தாள்.

“அண்ணை, அல்பத்திலை என்னைப் போட வேண்டாம். தங்கச்சியோடை நான் நிக்கிற படம் ஒண்டு... ஒண்டே ஒண்டு எனக்குத் தாங்கோ. ஒருத்தருக்கும் காட்டமாட்டன்.”

“அம்மாட்டைக் கேளுங்கோ,” என்று சொல்லி வைத்துவிட்டான். தாய் என்ன சொல்வாள் என்று அவனுக்குத் தெரியும். ஒரு படம் வெளியே போய் யாராவது போனில் காட்டினால், மூன்று அல்பமும் கையை விட்டுப் போய்விடும்.

வியாழக்கிழமை நாலரைக்குப் புஷ்பவதி வந்து பக்கங்களைப் பார்த்துக் கையெழுத்து வைப்பதாக ஏற்பாடு. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

2:50. படங்களில் இருக்கும் முகங்களை எண்ணிக் கணக்குக் காட்டும் புரோகிராமைத் திறந்தான். எந்த முகத்தைக் கண்டாலும் அது அதன் மேல் ஒரு சின்னச் சதுரம் போடும். மணமகள், 612. மணமகன், 580. றொஷினிக்கு அவன் பெயர் போடவேயில்லை. பெயரிடாதவர், 214.

அந்த இருநூற்றுப் பதினான்கு மூலப் படங்களையும் அழித்தான். குப்பைக் கூடையையும் காலி செய்தான். பெயரிடாதவர், 0.

தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

3:17. பெயரிடாதவர், 1.

திறந்து பார்த்தான். றொஷினியைக் கழித்துத் துப்புரவாக்கி முடித்த படம். கஜந்தினி தனியே நிற்கிறாள். பக்கத்தில் வெறும் திரைச்சீலை. திரைச்சீலையின் மேல் ஒரு சதுரம். மடிப்பைப் பார்த்து முகம் என்று நினைத்திருக்கிறது, முட்டாள் மெசின். சதுரத்தை நீக்கினான்.

3:24. பெயரிடாதவர், 9.

ஒன்பது படங்கள். ஒன்பதிலும் வெறும் இடத்தில் சதுரம். ஆனால் ஒரு விஷயம்... கமராவைப் பார்த்துச் சிரித்திருந்த கஜந்தினி, இப்போது சதுரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் படங்களை அவன்தான் பிடித்தவன். அவள் அப்படிப் பார்க்கவில்லை.

3:31. பெயரிடாதவர், 60.

வரிசையாகத் தட்டிக்கொண்டு போனான். சதுரம் படத்துக்குப் படம் பெரிதாகிக்கொண்டு வந்தது. முதலில் பொத்தான் அளவு... பிறகு உள்ளங்கை அளவு... தூரத்தில் நின்ற ஒருவர் நடந்து கிட்ட வந்தால் எப்படியோ, அப்படி.

3:40. பெயரிடாதவர், 214.

கடைசிப் படத்தில் திரை முழுக்கச் சதுரம்.

இனி வருவதற்குப் படத்துக்குள் இடம் இல்லை.

முதுகுப் பக்கம் குளிர்ந்தது.

பின்னால் முக்காலியில் கமரா இருந்தது. பற்றரி அதில் இல்லை. மேசையில், அவன் கண்ணுக்கு முன்னால், சார்ஜரில் கிடந்தது.

3:51.

பீப்.

முகத்தைக் கண்டால் கமரா போடும் சத்தம் அது.

தேவதாசன் திரும்பவில்லை.

3:52.

கிளிக்.

...

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தான் என்று தெரியாது. எழும்பிப் பார்த்தபோது யாரும் இல்லை. கமராவில் பற்றரியும் இல்லை, கார்டும் இல்லை. திரையில் பெயரிடாதவர், 0.

நாலரைக்குப் புஷ்பவதி வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை 9:10க்கு அவளே எடுத்தாள். றொஷினியின் கார் பனியில் சறுக்கி லொறியில் மோதிவிட்டது. மூன்றேகாலுக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டதாகப் பொலிஸ் சொன்னதாம். சென்ட் லோரன்டுக்குத்தான் புறப்பட்டாளாம். தாய் கையெழுத்து வைப்பதற்கு முன் அவனிடம் நேரில் ஒரு படம் கேட்க.

அடுத்து என்ன கேட்பாள் என்று தேவதாசனுக்குத் தெரியும். மரண அறிவித்தலுக்குப் படம். அவனிடம் ஒன்றுமே இல்லை. எதைச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

“அவளின்ரை நல்ல படம் ஒண்டும் வீட்டிலை இல்லை, தம்பி. நல்லகாலம், நேற்று நீங்கள் அனுப்பினது இருக்கு.”

“நான்... எப்ப அனுப்பினனான்?”

“ஈமெயிலிலை மூண்டு அம்பத்திரண்டு எண்டு கிடக்கு. சிரிச்சுக்கொண்டு நிக்கிறாள். பின்னுக்கு ஒராள் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கு. அதை மட்டும் எடுத்துவிட்டுத் தாங்கோ.”

அவள் திருப்பி அனுப்பிய படத்தைத் திறந்தான். அவனுடைய ஸ்டூடியோ. றொஷினி சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால், தூரத்தில், கம்ப்யூட்டருக்கு முன்னே குனிந்தபடி ஒரு முதுகு. அவனுடைய சாம்பல் நிற ஸ்வெற்றர்.

பதினேழு வருடத்தில் எத்தனை பேரை எடுத்துவிட்டிருப்பான். அன்றைக்குக் கை மவுசுக்குப் போகவில்லை. புரோகிராம் பழுதாகிவிட்டது, வேறு யாரிடமாவது கொடுங்கோ என்று சொல்லிவிட்டான்.

மத்தியானம் அறிவித்தல் வந்தது. றொஷினி மட்டும். பின்னால் வெறும் சுவர். ஒட்டுத் தெரியாத வேலை.

பின்னேரம் 4:05க்குப் போன் அடித்தது. ஜெராட். பக்கத்து நகரான லவாலில் இதே தொழில் செய்கிறவன்.

“அண்ணை, பியர்பொன்ட்ஸ்காரர் ஒரு படம் தந்தவை. அந்தப் பிள்ளைக்குப் பின்னாலை நிண்டது நீங்களெல்லோ?”

“முதுகை வச்சு என்னெண்டடா கண்டுபிடிச்சனீ?”

“முதுகோ?” என்றான் ஜெராட். “முகம் வடிவாத் தெரிஞ்சுது, அண்ணை. அவவின்ரை தோளோடை, நல்லாக் கிட்ட நிண்டியள். வாயைத் திறந்துகொண்டு...”

தேவதாசன் போனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

“பயப்பிடாதேங்கோ, எடுத்துப்போட்டன். ஒரிஜினலையும் அழிக்கச் சொன்னவை. அதையும் அழிச்சுப்போட்டன்.”