சத்தியம் செய்ய மறுத்த சாமியப்பண்ணன்

போன வாரம் பட்டறைக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குத்தான் போன் வந்தது. எங்கள் லேத்துக்காரர் சாமியப்பண்ணன் போய்விட்டார். நான் ரிசீவரை வைப்பதற்குள் பூத்துக்காரர் கேட்டார்: "குடிச்சுக் குடிச்சே போயிட்டாருங்களா, பாவம்!" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணனை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அறியாமல் பேசியவர்களும் படிக்கட்டும்.

அவர் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஷிப்டுக்கு ஏழெட்டு முறை லேத்தை நிறுத்திவிட்டுக் கக்கூஸுக்கு ஓடுவார். பெருங்குடலில் புண், ரத்தமாகப் போகும். அதை யாரிடம் சொல்வார்? பிறகு கண்ணும் மஞ்சளாயிற்று. மறைவில் போய் ஊற்றிக்கொள்கிறார் என்று பட்டறையே முடிவு கட்டியது. வெட்கத்தோடு சொல்கிறேன், நானும்தான். ஒருநாள் அவருடைய டம்ளரை எடுத்து மோந்து பார்த்தேன். பின்னாலேயே வந்து நின்றார். "நல்லா மோந்து பாருங்க தம்பி, மோருங்க. உப்புப் பத்தலீன்னா சொல்லுங்க" என்றார். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

அந்த வாரமே அவரை டாக்டரிடம் அழைத்துப் போனேன். குடல் நோயும் ஈரல் நோயும் சிலருக்குச் சேர்ந்தே வரும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சொந்த உறுப்பைப் பகையென்று தாக்கும், குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். அண்ணன் சிரித்துவிட்டார். "அப்பப் பங்காளிச் சண்டைன்னு சொல்லுங்க."

மகளுக்கு வெள்ளகோவிலில் இருந்து வரன் வந்தது. நல்ல இடம். எல்லாம் பேசி முடித்தபின் மாப்பிள்ளையின் தகப்பனார் மெல்ல ஆரம்பித்தார்: "ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. கோயில்ல கற்பூரத்தை அணைச்சு, குடிக்கறதில்லீன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

அண்ணன் எழுந்துவிட்டார். "தப்புப் பண்ணுனவன் சத்தியம் பண்ணட்டுங்க. நான் சீக்காளி. சீக்குக்கு எதுக்குங்க கற்பூரம்?"

பேச்சுக்குத் துணையாக உட்கார்ந்திருந்த நான் பதறினேன். உள்ளேயிருந்து மகள் வந்தாள். "காப்பியக் குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க மாமா. எங்கப்பா சொன்னதுதானுங்க" என்றாள். வந்தவர்கள் போய்விட்டார்கள். சத்தியம் பண்ணப் பயந்துவிட்டான் என்று அதையும் ஊர் அவர்மேலேயே திருப்பியது.

எழவு வீட்டிலும் ஒருவர், "கொஞ்சம் கொறைச்சிருக்கலாம்" என்று முணுமுணுத்தார். அழுதுகொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். "எங்கப்பாவுக்கு ரத்தமாப் போச்சுங்க. தெனமும் போச்சு. ஈரலும் அதோட கெட்டுச்சு. இன்னொருக்காச் சொல்லட்டுங்களா?"

நமக்கு அவள் சொன்ன அந்தச் சொல்லைச் சபையில் சொல்லத்தான் கூச்சம். குடிகாரன் என்று சொல்லக் கூச்சமே இல்லை. அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அந்தக் கூச்சம் செத்துப்போனதுதான். இனி யார் கேட்டாலும் பட்டறை நடுவில் நின்று சொல்வேன்: அவருக்கு ரத்தமாகப் போனது.