காலி வீட்டுக்கு அரை லிட்டர் பால்

வீட்டுத் தரகில் முதலில் செருப்புத் தேயும், பிறகு நாக்குத் தேயும், கமிஷன் கேட்கும்போது உறவும் தேயும் என்பது இதே தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்குத் தெரியும். அந்தக் கொரோனா ஊரடங்கில் எனக்குத் தேய்வதற்கும் அனுமதி இல்லை.

அத்தியாவசியம்

"எல்லோரும் வீட்டுக்குள்ளேயே இருங்கள்" என்றது அரசாங்கம். அந்த வீட்டைப் பிடித்துத் தருகிறவள் அத்தியாவசியப் பட்டியலில் இல்லை. ஔந்த் கடைத்தெருவில் மருந்துக்கடைக்கும் மளிகைக்கும் நடுவே என் ஷட்டர் மட்டும் இறங்கிக் கிடந்தது. பிறகு ஒயின் ஷாப்பைக்கூடத் திறந்தார்கள். அந்த வரிசையைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அப்போதுதான் என் கடையின் சொந்தக்காரர் போன் செய்தார்.

"மூடின கடையில வாடகை வராதும்மா. மாசக் கடைசிக்குள்ள திறக்கலைன்னா காய்கறிக்காரனுக்குக் குடுத்துடுவேன். அவன் அத்தியாவசியம்."

பால் வியாபாரம்

ஒரு பால் ஏஜென்சியைக் கெஞ்சி பால் பாக்கெட்டோடு இரண்டு பிளாஸ்டிக் கிரேட் வாங்கி வாசலில் அடுக்கினேன். பின்னால் அதே மேஜை, அதே சாவிக்கொத்துகள். ரோந்து வந்த போலீஸ்காரர் பாலையும் சாவியையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய தடி என் மேஜைமேல் வந்து உட்கார்ந்தது. அவர் காசு கொடுக்காமல் ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு மராத்தியில் சொன்னார்:

"எனக்கும் ரெண்டு ரூம்ல ஒரு வீடு பாருங்க மேடம். அதுவரைக்கும் நீங்க பால்காரிதான்."

செல்வியின் ஹாஸ்டல்

செல்வி சேலத்திலிருந்து மாற்றலாகி வந்த வங்கி ஊழியர். வங்கி அத்தியாவசியம், அதனால் தினமும் போக வேண்டும். அவள் தங்கியிருந்த ஹாஸ்டல் அத்தியாவசியமில்லை, அதனால் மூடிவிட்டார்கள். தோழி வீட்டு ஹாலில் படுத்துக்கொண்டிருந்தவள் பால் வாங்க வந்து, சாவிகளைப் பார்த்துவிட்டாள்.

"பகல்ல உக்கார நாற்காலி குடுத்திருக்காங்கக்கா. ராத்திரி படுக்கறதைப் பத்தித்தான் சர்க்கார் யோசிக்கல."

சொசைட்டி கேட்

பக்கத்து ஹவுசிங் சொசைட்டி அடுக்குமாடியில் ஒரு காலி ஃபிளாட்டின் சாவி என்னிடம் இருந்தது. அங்கே செகரட்டரி, அரசாங்கம் ஒரு தடை போட்டால் தன் பங்குக்கு இரண்டு போடுகிறவர். தரகருக்குத் தடை, வீடு பார்க்க வருபவருக்குத் தடை. பால்காரருக்கு மட்டும் இல்லை. ஆளுக்கொரு கிரேட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனோம். செல்வி சமையலறைக் குழாயைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் செகரட்டரி நின்றார். "பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு யார் பால் கேட்டாங்க?" என்றார் இந்தியில்.

கடை போச்சு என்றே நினைத்தேன். செல்வி அசரவில்லை. வீட்டுக்காரர் விட்டுப்போன மின்சார அடுப்பில், அவர் விட்டுப்போன பாத்திரத்திலேயே பாலை ஊற்றி வைத்தாள். புது வீட்டில் முதலில் பால் காய்ச்சுவதுதான் எங்கள் வழக்கம், பொங்கினால் குடிவந்தாயிற்று என்று அரைகுறை இந்தியில் விளக்கினாள். பால் பொங்கியது. குடியிருப்பவர் யாரும் வெளியே போகக் கூடாது என்று கேட்டில் நோட்டீஸ் ஒட்டியவர் அவரேதான். குடிவந்துவிட்டவளை இனி வெளியே அனுப்ப முடியாமல், அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"எனக்குச் சர்க்கரை கம்மியா."

வாடகை

ஒப்பந்தம் ஆனது. கமிஷனை நேராகக் கடைச் சொந்தக்காரரிடம் வாடகையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காய்கறிக்காரரிடமிருந்து கடை தப்பியது. பாராட்டுவார் என்று எதிர்பார்த்தது என் தப்பு.

"பால் இவ்வளவு ஓடுதா? அப்ப அடுத்த மாசத்துலேருந்து வாடகையை ஏத்திக்கலாம்."

இப்போது எல்லாக் கடையும் திறந்துவிட்டது என்றாலும், அரசாங்கம் அடுத்த பட்டியலை எப்போது போடுமோ என்று அந்த இரண்டு கிரேட்டை மட்டும் நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.