தெற்கே பொங்கிய பானை

வலியசாலையில் பொன்னம்மையைத் திட்ட வேறு ஆள் வேண்டாம், அவளே போதும். சாம்பாரில் உப்பு கூடினால் "ஒண்ணுக்கும் கொள்ளாதவ நான்" என்பாள். சிலிண்டர்காரர் இரண்டாம் முறை மணியடிக்க நேர்ந்தால் அன்று முழுக்க அதையே நினைத்து மருகுவாள். கணவர் சிவதாணு, கிழக்கேகோட்டை ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர், திட்டத் தெரியாத மனிதர்.

பல வருஷமாகப் பிடரியில் கனம், வயிற்றில் எரிச்சல், விடியும் முன்பே விழிப்பு, விடிந்த பிறகு எழவொட்டாத அலுப்பு. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வரும்போதெல்லாம் சிவதாணுவுக்கு நிம்மதி. அவளுக்கோ, நோயில்லாமலே படுத்துக் கிடக்கும் சோம்பேறி என்று தன்னைத் திட்ட இன்னொரு காரணம் கிடைக்கும். கடைசியாகப் பார்த்த டாக்டரம்மா, இது நெடுநாள் மனச்சோர்வு, இந்த வலி பொய்யல்ல, அதுவும் நோயோடு சேர்ந்ததுதான், சரிப்படுத்தலாம் என்று பொறுமையாகச் சொல்லி, மறுபடி வரச் சொன்னார். பொன்னம்மை போகவில்லை. சோம்பேறிக்கு வைத்தியம் எதற்காம்.

ஆற்றுகால் அம்மைக்குப் பெண்கள் தெருத்தெருவாக அடுப்பு கூட்டிப் பொங்கலிடும் பொங்காலைக்கு அவள் அடுப்பு மூட்டியும் வருஷங்களாயிற்று. இந்த முறை பக்கத்து வீட்டு மங்கலம் கேட்காமலே அவளுக்கும் சேர்த்துத் தெருவில் செங்கல் வைத்துவிட்டாள். கோயிலில் தீ மூட்டிய செய்தி வந்ததும் தெரு முழுக்கப் புகை. பொன்னம்மையின் பானை பொங்கியது, ஆனால் தெற்கே. தெற்கே வழிந்தால் துன்பம் விடாது என்று பெண்களிடையே ஒரு பேச்சு உண்டு.

"பாத்தியா, நான் கள்ளி, நோவெல்லாம் நடிப்பு," என்றாள் பொன்னம்மை. "அம்மைக்கே தெரிஞ்சு போச்சு."

மங்கலம் குனிந்து பார்த்தாள். தெற்குப் பக்கத்துக் கல் ரோட்டுக் குழியில் தாழ்ந்து கிடந்தது. தான் சரியாகப் பார்த்து வைக்கவில்லையே, அபசகுனம் தன்னால்தானே என்று அவள் முகம் வாடிவிட்டது.

பொன்னம்மை பதறி அவள் கையைப் பிடித்தாள். "அதுக்கென்ன மங்கலம், வெயில்ல குனிஞ்சு எனக்கும் சேத்துல்லா வச்சே. ரோடு குழிஞ்சு கெடந்தா நீ என்ன செய்வே? விடு."

மங்கலம் அவளையே பார்த்தாள். "இந்தக் குரல்ல நீ உங்கிட்டே ஒரு நாளாவது பேசியிருக்கியோடி?"

பொன்னம்மை கண்ணைத் துடைத்தாள். புகை என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லாமல், அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து அழுதாள். மங்கலம் அவளை அழவிட்டு, இரண்டு அடுப்பையும் பார்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் வாசலில் சிவதாணு பானையை வாங்கிக்கொண்டார்.

"நாளைக்கு டாக்டரம்மாகிட்டே போணும். நீங்களும் வாங்கோ," என்றாள். பிறகு மெல்ல, "எனக்கு வலிக்கு. நெசமாட்டு வலிக்கு."

அவர் தலையாட்டினார். அவருக்கு அது எப்போதோ தெரியும்.