ஒன்றுமில்லாததற்கு இது பரவாயில்லை

கீரிமலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொஞ்ச நாள் கோப்பை கழுவினேன். இன்று மத்தியானம் முதலாளியிடம் சொல்லிக்கொண்டு, பையைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருக்கிறேன். சண்டை ஒன்றும் இல்லை. அலுத்துவிட்டது, அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நின்று பார்த்தேன், வரவில்லை. நிற்கிறதும் நடக்கிறதும் எனக்கு ஒரே களைப்புத்தான் என்பதால் நடந்தேன்.

வழியில் ஒரு மதிலில் ஆங்கில வகுப்பு விளம்பரம். ‘பெற்றர் இங்கிலிஷ், பிறைற்றர் ஃபியூச்சர்’ என்று எழுதி, கோட்டும் கழுத்தில் ரையும் போட்ட ஒரு பொடியனின் படம். இந்த வெயிலில் அவனைப் பார்க்கவே எனக்கு வியர்த்தது.

பெற்றர், இன்னும் திறம் என்றால் எதைவிட? நம்முடைய பேச்சில் ஒன்றைத் திறம் என்று சொல்ல இன்னொன்றைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். எங்கள் ஊரில் அந்த இன்னொன்று பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரன்தான். ஆங்கிலத்தில் அந்தத் தொல்லை இல்லை. பெற்றர், சூனர், ஈசியர் என்று சொல்லிவிட்டு நம் பாட்டில் போகலாம். யாரும் மறித்துக் கேட்பதில்லை.

இதெல்லாம் நான் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு சரி. கொழும்பில் ஹோட்டல் குசினியில் கிடந்தபோது கொஞ்ச ஆங்கிலம் ஒட்டியது. மீதி, இதே தெருவில் கண்ணிவெடி எடுக்கிற நிறுவனம் ஒன்றில் இருந்தபோது வந்தது. என்னை எடுத்தது வாகனம் கழுவத்தான். மொழிபெயர்ப்பாளருக்குக் கனடா விசா கிடைத்ததும், அவருடைய வேலையும் என் தலையில் விழுந்தது. சம்பளம் மட்டும் வாகனம் கழுவுகிறவனுடையது.

பொறுப்பாக இருந்த வெள்ளைக்காரர் கெட்டவர் இல்லை. எங்களோடு நிலத்தில் இருந்து புட்டும் சம்பலும் சாப்பிடுவார். ஆனால் அவர் வாயைத் திறந்தால் இந்தச் சொற்கள்தான். போரில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த சனம், தங்கள் காணி எப்போது கிடைக்கும் என்று கேட்டால், ‘சூனர் ஓர் லேற்றர்,’ கெதியிலோ தாமதித்தோ, எப்படியும் ஒரு நாள். ஏன் இவ்வளவு சுணக்கம் என்றால், ‘பெற்றர் சேஃப் தான் சொறி,’ பிறகு வருந்துவதைவிட முதலே கவனம் நல்லது. வேலை எவ்வளவு முடிந்தது என்றால், ‘மோர் ஓர் லெஸ்,’ கிட்டத்தட்ட. முகாம் சனம் அவருக்குச் சூனர் என்றே பெயர் வைத்துவிட்டது. வெள்ளை ஜீப்பின் புழுதி தெரிந்ததும், “சூனர் வருது, லேற்றரும் பின்னாலை வருது” என்பார்கள். லேற்றர் என்பது நான்.

அந்தச் சனத்தில் ராசமணியக்கா ஒருத்தி. புருசன் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக இடம்பெயர்ந்து முகாமில் இருந்தாள். அத்தனை வருடமும் குத்தகைக் காணியில் வெங்காயம் வைத்து, அதிலேயே விதைக்கு எடுத்து, கட்டுக் கட்டாகக் கூரைக்குள் தொங்கவிட்டிருப்பாள். தகப்பன் காலத்து விதை. ஓடிய நேரத்தில் வீட்டிலிருந்து அள்ளி வந்தது அது ஒன்றுதான். அவளுடைய கொட்டிலுக்குள் குனிந்தால் அந்தக் காரமான காய்ந்த மணம் மூக்கில் ஏறும். இன்றைக்கும் யாராவது வீட்டில் வெங்காயம் தொங்கினால் எனக்கு முகாம்தான் மணக்கிறது.

அந்த வருடம் குத்தகைக் காணியை உரிமையாளன் விற்றுவிட்டான். வெங்காயம் முளை தள்ளத் தொடங்கியிருந்தது. சொந்தக் காணி அந்தப் போகத்துக்குள் கிடைக்காவிட்டால் விதை சுருங்கி அழிந்துபோகும்.

“தம்பி, என்னவாம் உவர்?” என்று வெள்ளைக்காரரைக் காட்டி ராசமணியக்கா கேட்டாள்.

“கெதியிலை விடுவினமாம், அக்கா.”

“கெதியிலை எண்டால் எப்பவாம்?”

“அது சொல்லேல்லை.”

“வடிவாக் கேட்டனியே? வெங்காயத்துக்குச் சூனரும் தெரியாது, லேற்றரும் தெரியாது. அது முளைக்குது.”

கடைசியில் ஒரு நாள், அவளுடைய காணியும் இருந்த ஒரு துண்டு நிலத்தை விடுவித்தார்கள். சனம் கத்தியும் மண்வெட்டியுமாகப் போனது. ராசமணியக்காவின் காணிக்கு நடுவால், தாண்டக்கூடாது என்கிற மஞ்சள் நாடா ஓடியது. இந்தப் பக்கம் பாதிக் காணி. அந்தப் பக்கம் மீதியும் கிணறும். கிணற்றுக்குள் பழைய வெடிபொருள் இருக்கலாம் என்று சந்தேகம்; அதை இன்னும் பார்க்கவில்லை.

அவள் நாடாவுக்கு முன்னால் போய் நின்றாள். வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, “பெற்றர் தான் நத்திங்” என்றார். மனம் வருந்தித்தான் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

“ஒண்டுமில்லாததுக்கு இது பரவாயில்லையாம், அக்கா.”

“ஒண்டுமில்லாததோடை ஏன் ஒப்பிடுறார்? நான் விட்டிட்டுப் போன காணியோடை ஒப்பிடச் சொல்லு.”

சொன்னேன். அவர் கிணற்றைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “பெற்றர் சேஃப் தான் சொறி” என்றார்.

“அப்ப வெங்காயத்துக்கு என்னத்தை ஊத்திறது? உவற்றை இங்கிலிசையோ?”

பின்னால் நின்ற சனம் சிரித்தது. அவரும் என்னவென்று தெரியாமல் கொஞ்சம் சிரித்து, “என்ன கேட்கிறா?” என்று என்னைப் பார்த்தார். தண்ணீர் கேட்கிறா என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. வெடிக்கும் கிணற்றில் யாரை இறக்கமுடியும்? ஆனால் அவருடைய வசனங்கள் என் வாயால் வந்தன; அவற்றுக்கான பார்வைகள் என் முகத்தில் விழுந்தன. பின்னேரம் அடையாள அட்டையை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் கைகொடுத்து, ‘பெற்றர் லக்’ என்று ஏதோ வாழ்த்தினார்.

இப்போது முகாம் இல்லை. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்பு எச்சரிக்கைப் பலகைகள் இல்லை. வெள்ளைக்காரர் வெடி புதைந்த வேறு எந்த நாட்டுக்குப் போனாரோ. கிணற்றைத் துப்புரவாக்கிக் கொடுத்தார்கள். சில வருடம் அங்கே வெங்காயம் பச்சையாக நின்றதை நானே பார்த்தேன். பிறகு பிரான்சில் இருந்த மகள் அக்காவைத் தன்னிடம் கூப்பிட்டுவிட்டாள். சற்று முன்தான் அந்தக் காணியைக் கடந்து வந்தேன். மாடிவீடு, கேற்றில் பூட்டு, முற்றம் முழுக்கச் சீமெந்துக் கல் பதித்திருக்கிறது. அந்த விதை இப்போது யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை. சூனர் என்று சொன்னால் சிரிக்கவும் இந்தத் தெருவில் ஆள் இல்லை.

அன்று, கண்ணிவெடி நிறுவன வேலையை விட்ட மறுநாள் விடிய, நான் அந்தக் காணிக்குப் போனேன். நாடாவுக்கு இந்தப் பக்கம் ராசமணியக்கா தனியாக இரண்டு பாத்தி கொத்தி வைத்திருந்தாள். விதையாவது அழியாமல் இருக்கட்டும் என்று.

“என்ன, சூனர் அனுப்பினவரே?”

“இல்லை அக்கா. விட்டிட்டன்.”

“விட்டிட்டு?”

வேலியில் சாய்ந்து நின்ற அவளுடைய சைக்கிளைப் பார்த்தேன். கரியரில் இரண்டு வெறும் தண்ணீர்க் கலன்கள் கட்டியிருந்தன.

“தண்ணி எங்கை எடுக்கிறது?”

“கோயில் கிணத்திலை. தூரம். காசும் பெரிசாத் தரமாட்டன்.”

“ஓம்” என்றேன். கயிறு தளர்ந்திருந்தது. இறுக்கிக் கட்டிக்கொண்டு, கோயில் பக்கம் சைக்கிளை உருட்டினேன்.