மண்டிக்காரன் கேட்ட புதுப்படம்

இருதயமேரிக்குக் கோபம் வந்தால் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிறவனுக்குக்கூடக் கேட்கும். அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். திண்டிவனத்தில் மேம்பாலத்தை ஒட்டி, மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் அவளுடைய கம்ப்யூட்டர் சென்டர். ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன், ரயில் டிக்கெட், கரண்ட் பில். கண்ணாடிக் கதவில் சிவப்பு எழுத்தில் ஒரு போர்டு: 'இங்கே திருட்டுப் படம் ஏற்றித் தரப்படாது. கேட்டு அசிங்கப்பட வேண்டாம்.' இரண்டாவது வரியை எழுத மாட்டேன் என்று பெயின்டர் முரண்டு பிடித்தான். பக்கத்திலேயே நின்று எழுத வைத்தாள்.

அப்படியும் வந்து கேட்பார்கள். 2014-ல் எவன் கையைப் பார்த்தாலும் ஒரு செல்போன், அதில் ஒரு மெமரி கார்டு. வெள்ளிக்கிழமை வெளிவந்த படம் சனிக்கிழமை அதற்குள் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் துரைமார்களுக்குத் தலை வெடித்துவிடும். "ஒரே ஒரு படம்க்கா, யாருக்கும் தெரியாது" என்று இளிப்பார்கள். "எனக்குத் தெரியுமேடா! படம் எடுத்தவன் இன்னா உன் மாமனா, சீர் செய்யறதுக்கு? போடா அந்தாண்ட!" என்று கத்துவாள்.

படமே கூடாது என்கிறவள் இல்லை அவள். ஞாயிறு பூசை முடிந்து ஒரு படம் பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. முறையாக வேண்டும் என்று எவராவது கேட்டால் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பாள். "படம் யாருதோ, அவங்க விக்கிற எடத்துல வாங்கு. உன் பேர்ல கணக்கு தொறந்து, காசு கட்டி, உன் கம்ப்யூட்டர்ல எறக்கிக்கோ. எறக்க வுடலன்னா நெட்லயே பாரு, அதுக்கு மேல ஆசைப்படாத. சின்னப் படம் எடுக்கிற பசங்க, எடுத்துக்கோங்கன்னு அவங்களே போட்டு வெச்சிருக்காங்க, அத எறக்கு. படம் கேட்டா, மொதல்ல இந்த பிளேயரப் போடுன்னு ஒருத்தன் சொல்றானா? அவன் படம் காட்ட வரல, உன் வீட்டுப் பூட்டத் தொறக்க வந்திருக்கான். எழுந்து வந்துடு."

கேட்டவர்கள் நன்றாகத் தலையாட்டிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய் ஓசியில் ஏற்றிக்கொள்வார்கள். இந்தப் பாடத்தைத் தினமும் கேட்டவர் ஒருவர்தான். ஜெராக்ஸ் மிஷினுக்குப் பக்கத்தில் நிற்கும் அவள் புருஷன் சவுரிராயன். கேட்டுக்கொண்டிருந்தார் என்றுதான் அவள் நம்பியிருந்தாள்.

சவுரிராயன் அதிகம் பேச மாட்டார். அக்னி நட்சத்திரத்திலும் முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டன் வரைக்கும். வீட்டில்கூடக் கழற்ற மாட்டார். கரண்ட் போய் ஊரே பனியனோடு தெருவில் உட்கார்ந்திருக்கும்போதும் அவர் சட்டையோடுதான் வியர்த்துக்கொண்டிருப்பார். "கழட்டித் தொலையேன்யா, அவிஞ்சி பூடுவ" என்று மேரி விசிறிக்கொண்டே திட்டுவாள். "இருக்கட்டும்" என்பார்.

அதற்குக் காரணம் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருக்கிற வேணு. அந்தப் பெயரைக் கேட்டாலே மேரிக்கு வாயில் எச்சில் ஊறும், காறித் துப்புவதற்கு. இந்தக் கதையில் 'அவர்' சவுரிராயன்தான், வேணு வெறும் 'அவன்'. ஊருக்குள் இது தலைகீழாக இருந்ததெல்லாம் போதும்.

1993. அப்போது அவர்களுக்குக் கிளியனூர்ப் பக்கம் காலனியில் வீடு. கல்யாணமாகி ஒரு வருஷம். சவுரிராயன் டி.வி.யும், கேசட் போட்டுப் படம் ஓட்டுகிற டெக்கும் வாடகைக்கு விட்டுப் பிழைத்தார். சாவு, காதுகுத்து, மஞ்சள் நீர், எதுவானாலும் அந்தக் காலத்தில் விடிய விடிய மூன்று படம் ஓட்டியாக வேண்டும். டி.வி.யைப் போர்வையில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டுவார். டெக்கை மேரி இடுப்பில் பிள்ளையைத் தூக்குவது மாதிரி தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பாள். கடையில் முறையாக வாங்கிய கம்பெனி கேசட்டுதான் போடுவார். அதில் அவருக்கு ஒரு வீம்பு.

வேணுவின் மகளுக்கு மஞ்சள் நீர் விழா வந்தது. "டேய் சவுரி, தியேட்டர்ல ஓடிக்கினு இருக்கிற புதுப்படம் போடணும்டா. சொந்தக்காரன் எல்லாம் வாயப் பொளக்கணும்" என்றான். அந்த மாதிரி கேசட் தன்னிடம் இல்லை என்று இவர் சொன்னார். "கேசட்டு என் ஆளு பாண்டிச்சேரியிலிருந்து கொண்டாருவான். நீ டெக்க மட்டும் கொண்டாந்து சொருவு."

பாதிப் படத்தில் போலீஸ் வந்தது. தியேட்டர்காரனிடம் எவனோ போட்டுக் கொடுத்திருந்தான். பந்தல் நிறைய ஜனம். வேணு ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, கையை நீட்டினான். "அதோ நிக்கிறான் பாருங்க, டெக்குக்காரன். அவந்தான் கொண்டாந்தான். எனக்கு இன்னாங்க தெரியும்?"

பாவி! பாண்டிச்சேரிக்குப் போய் வந்தவன் அவனுக்குப் பக்கத்திலேயே பாயசம் குடித்துக்கொண்டிருந்தான். சவுரிராயன் வாயைத் திறக்கவில்லை. காலனிக்காரன் ஒருவன் மண்டிக்காரன் வீட்டுப் பந்தலில் நின்று, 'இல்லீங்க, இவருதாங்க' என்று எப்படிச் சொல்வான்? பந்தலிலேயே, பெண்டு பிள்ளைகள் பார்க்க, சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். அந்தச் சட்டையாலேயே கையைக் கட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். இரண்டு நாள் ஸ்டேஷனில் ஜட்டியோடு உட்கார்ந்திருந்தார். மேரி வாசலில் வேப்பமரத்தடியில் அவருடைய வேறொரு சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே கொடுக்க விடவில்லை.

டெக்கு திரும்பி வரவே இல்லை. வேணு வீட்டிலிருந்து ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை. "ஏன்யா சொல்லல?" என்று மேரி கேட்டாள். "சொன்னா நம்புவாங்களா மேரி?" என்றார். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. பல வருஷம் எதைப் பற்றியுமே அதிகம் பேசவில்லை. பிழைக்க வேண்டுமே என்று அவள்தான் கிளம்பினாள். விழுப்புரம் போய் டைப்பிங், அப்புறம் கம்ப்யூட்டர், அப்புறம் ஒரு பிரஸ்ஸில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற வேலை. பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டும்போதெல்லாம் வேணுவைத் திட்டிக்கொண்டே போவாள், திட்டிக்கொண்டே வருவாள். அந்தக் கோபத்தில் சம்பாதித்த கடைதான் திண்டிவனத்துக் கடை. போர்டு ஏன் அப்படி எழுதினாள் என்று இப்போது புரிகிறதா?

சரி, 2014-க்கு வருவோம். விழுப்புரத்தில் தங்கச்சி மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் நற்கருணை வாங்குகிற விசேஷம். சனி, ஞாயிறு மேரி அங்கே இருந்துவிட்டாள். சனிக்கிழமை கடையைச் சவுரிராயன் பார்த்துக்கொண்டார், ஞாயிறு லீவு. திங்கட்கிழமை காலை வந்து முதல் கம்ப்யூட்டரைப் போட்டாள். திரை முழுக்க ரத்தச் சிவப்பு. உன் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், டாலரில் பணம் கட்டினால்தான் திறப்போம் என்று இங்கிலீஷில் மிரட்டல். ஊர்ப் பிள்ளைகளின் அப்ளிகேஷனை எல்லாம் தனி டிஸ்க்கில் ஏற்றி வீட்டுக்கு எடுத்துப்போகிற பழக்கம் அவளுக்கு இருந்தது, அதனால் தப்பித்தாள்.

"யாருய்யா இதுல உக்காந்தது?" என்று அவள் திரும்பும்போதே வாசலில் கார் வந்து நின்றது. இறங்கியது வேணு. தலை நரைத்திருந்தது, திமிர் நரைக்கவில்லை.

"எங்க அந்த சவுரி? டேய், என் குடியக் கெடுத்துட்டியேடா!" என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தான். நேற்று அவன் பேத்திக்கு மஞ்சள் நீர். மண்டபத்தில் பெரிய திரை கட்டி, மண்டி லேப்டாப்பில் புதுப்படம் போட்டிருக்கிறார்கள். பென் டிரைவைச் செருகியதும் படம் வரவில்லை. சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் அந்தப் பெரிய திரையில் அதே சிவப்புதான் வந்தது. மண்டிக் கணக்கு முழுக்கப் பூட்டிக்கொண்டது. பென் டிரைவைக் கொடுத்தது சவுரிராயன்.

மேரி புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"நீயா?" என்றாள். "நீயாய்யா? என் கடையில, என் கம்ப்யூட்டர்ல, இவனுக்கா?"

"சனிக்கிழம ஆளு வுட்டுக் கூப்ட்டாரு மேரி. போனேன். வாங்க சவுரின்னாரு. நாற்காலி போட்டு உக்காருங்கன்னாரு. அவுரு குடிக்கிற கிளாஸ்லயே எனக்கும் டீ குடுத்தாரு. பழசெல்லாம் மறந்துடுங்க, பேத்தி ஆசப்படுது, ஒரு புதுப்படம் எறக்கிக் குடுங்கன்னாரு. எனக்கு மாட்டேன்னு சொல்ல வாய் வரல." அவர் அந்தச் சிவப்புத் திரையைக் கைகாட்டினார். "பச்சையா ஒரு பட்டன் இருந்திச்சி. அமுக்கினேன். பிளேயரப் போடுன்னிச்சி. போட்டேன்."

"ஒரு டீக்கா? இருபத்தோரு வருஷத்த ஒரு கிளாஸ் டீக்கு வித்துட்டியேய்யா! நான் தெனம் தொண்ட கிழியச் சொல்லிக்கினு இருந்தேனே, சொவத்துக்கா சொன்னேன்?" மேரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. வேப்பமரத்தடியில் மடியில் வைத்திருந்த அந்தச் சட்டை ஞாபகத்துக்கு வந்தது. யாரை முதலில் அடிப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"உங்க புருஷன் பொண்டாட்டி சண்டய வீட்டுல வெச்சிக்கோங்க" என்றான் வேணு. வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர், ஜெராக்ஸுக்கு வந்த காலேஜ் பிள்ளைகள், எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கூட்டத்தைக் கண்டதும் அவனுக்குப் பழைய தெம்பு வந்தது. கையை நீட்டினான். அதே கை. "எல்லாரும் பாத்துக்கோங்க. இவந்தான் திருட்டுப்படம் குடுத்தவன். எனக்கு இன்னா தெரியும் கம்ப்யூட்டரப் பத்தி? என் கணக்க ஜல்தியா மீட்டுக் குடுக்கணும். இல்லன்னா ஸ்டேஷன்ல கம்ப்ளெய்ன்ட் குடுத்துக் கடைக்குப் பூட்டு போட வெப்பேன். இவனுக்கு ஸ்டேஷன் ஒண்ணும் புதுசு இல்ல."

மேரி மேஜைமேல் இருந்த ஸ்டேப்ளரை எடுத்துவிட்டாள். "இன்னொரு தடவ கைய நீட்டு! நீட்டுய்யா பாக்கலாம்! ஓசியில புதுப்படம் கேட்டு ஆளனுப்புவியாம், கெட்டுப் போச்சின்னா எனக்குத் தெரியாதும்பியாம். வெக்கமா இல்ல உனக்கு? பேத்தி எடுத்த வயசுல..."

"மேரி. கொஞ்சம் சும்மா இரு" என்றார் சவுரிராயன்.

அவர் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் மேரி நின்றுவிட்டாள். அவளைச் சும்மா இரு என்று அவர் சொன்னதே இல்லை.

ஜெராக்ஸ் மிஷினை அணைத்துவிட்டு முன்னால் வந்தார். கழுத்துப் பட்டன் சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஆமாங்க, நாந்தான் குடுத்தேன். தப்பு என்னுது. என் பொண்டாட்டிக்குத் தெரியாது. வாங்க, ஸ்டேஷனுக்குப் போலாம்."

வேணு சிரித்தான். "ஒத்துக்கிட்டான் பாரு."

"ஒத்துக்கினேன். எறக்கினது யாருன்னு கேப்பாங்க, நான்னு சொல்றேன். கேட்டது யாருன்னு கேப்பாங்க, நீங்கன்னு சொல்றேன். ஊரக் கூட்டிப் பெரிய தெரையில போட்டது யாருன்னும் கேப்பாங்க. மண்டபத்துல இருந்தவங்க அத்தன பேரும் சொல்லுவாங்க. அப்படியே அந்தப் பாண்டிச்சேரி கேசட்டையும் சொல்றேன். அன்னிக்கு நான் தனியாப் போனேன். இன்னிக்கு ரெண்டு பேரும் போலாம். உங்க கார்லயே போலாமா, நடந்தே வர்றீங்களா?"

வேணுவின் கை இறங்கியது. கூட்டத்தைப் பார்த்தான். காலேஜ் பிள்ளை ஒருத்தி செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். "பேஜாரு புடிச்ச ஜனம்! இவனுங்ககிட்டப் போயி..." என்று என்னவோ முனகினான்.

"போலாம் வாங்க" என்று சவுரிராயன் படியில் இறங்கி, தெருவில் நின்று, காரின் கதவைத் திறந்தே பிடித்துக்கொண்டார்.

வேணு அந்தப் பக்கக் கதவால் ஏறினான். திறந்திருந்த கதவை உள்ளேயிருந்து எட்டி இழுத்துச் சாத்திக்கொண்டான். கார் மண்டிப் பக்கம் போயிற்று. ஸ்டேஷன் இருந்தது எதிர்ப் பக்கம்.

கூட்டம் கலைந்தது. மேரிக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கம்ப்யூட்டரைச் சுத்தமாக அழித்து முதலிலிருந்து ஏற்ற வேண்டும், ஒரு நாள் பிழைப்பு போச்சு. "பச்ச பட்டனாம் பச்ச பட்டன்! இன்னிக்கிச் சோறு கெடையாது உனக்கு. அந்த மண்டிக்காரன் கிளாஸ்லயே டீ வாங்கிக் குடி" என்று திட்டிக்கொண்டே ஒயர்களைப் பிடுங்கினாள். திரும்பிப் பார்த்தாள்.

சவுரிராயன் கழுத்துப் பட்டனைக் கழற்றிக்கொண்டிருந்தார். அப்புறம் அடுத்தது. அப்புறம் அடுத்தது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு, தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாரும் பார்க்க, ஃபேனுக்குக் கீழே நின்று ஜெராக்ஸ் மிஷினைப் போட்டார். "யாருக்கும்மா ஜெராக்ஸு?" என்று அந்தக் காலேஜ் பிள்ளையைக் கேட்டார்.

மேரி கையிலிருந்த ஒயரைக் கீழே போட்டாள்.

"யோவ், சட்டைய மாட்டுய்யா" என்றாள். "பொம்பளப் புள்ளைங்க வர்ற கடை."

மேம்பாலம் வரைக்கும் கேட்கிற குரல், அன்றைக்கு ஜெராக்ஸ் மிஷின் வரைக்கும்கூடக் கேட்கவில்லை. அவர் மாட்டவும் இல்லை.