பின்சீட்டின் எடை

சிங்கப்பூரில், ஃபேரர் பார்க் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் சனிக்கிழமை காலைகளில் நாங்கள் ஆறேழு பேர் கூடுவோம். எல்லோரும் பெரிய மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள். இருநூறு கிலோவுக்கு மேல் கனக்கும் வண்டிகளைச் சாலையோரம் வரிசையாக நிறுத்தியிருப்பதைப் பார்த்து, தேநீர் குடிக்க வருகிறவர்கள் அவ்வப்போது கேட்பார்கள்: இந்தச் சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய வண்டி எதற்கு?

கிரேன் ஓட்டும் நண்பர்தான் முதலில் பதில் சொல்வார். "சின்ன வண்டியில எக்ஸ்பிரஸ்வே போய்ப் பாருங்க. லாரி பக்கத்துல வந்தாலே காத்து நம்மளைத் தள்ளும். இது அசையாது லா." இன்னொருவர் மலேசியாவில் வடக்கே பினாங்கு வரை ஓட்டிப் போகிறவர். முதுகு வலிக்காது என்பார். பெரிய வண்டிகளுக்கான கிளாஸ் டூ உரிமத்துக்காக மூன்று முறை தேர்வுக்குப் போனவர் ஒருவர் இருக்கிறார். "இவ்ளோ கஷ்டப்பட்டு லைசென்ஸ் எடுத்துட்டு சின்னது ஓட்டினா வெட்கமா இல்ல?" என்று சிரிப்பார்.

என் முறை வரும்போது, "லாரிக் காத்துதான்" என்று நானும் சொல்லிவைப்பேன். அது பொய்.

பதினொரு ஆண்டுகள் நான் நூற்றைம்பது சிசி வண்டிதான் ஓட்டினேன். என் மனைவி காத்தோங்கில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. தினமும் காலையில் அவளை அங்கே இறக்கிவிட்டுத்தான் நான் வேலைக்குப் போவேன். வண்டி நூற்று முப்பது கிலோ. அவள் ஐம்பத்திரண்டு. அப்படிப்பட்ட வண்டியில் பின்னால் இருப்பவர் என்ன செய்தாலும் ஓட்டுகிறவனுக்குத் தெரியும். அவள் கைப்பையில் எதையாவது தேடினால் கைப்பிடி லேசாக ஆடும். கோபமாக இருந்தால் தள்ளி உட்காருவாள், முன்சக்கரம் இலேசாகிவிடும். தூங்கி விழுந்தால் அவள் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் மோதும். ஏறி உட்கார்ந்ததும் என் இடது தோளில் இரண்டு முறை தட்டுவாள். கிளம்பலாம் என்று அர்த்தம்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால் அவளுக்குப் புற்றுநோய் வந்தது. ஐந்தே மாதத்தில் போய்விட்டாள். மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், வேகத்தடை ஒன்றில் வண்டி என்னைத் தூக்கியடித்தது. பின்பக்க ஸ்பிரிங்கை இரண்டு பேர் எடைக்கு இறுக்கிவைத்திருந்தோம். ஒற்றை ஆளுக்கு அது முரடாக இருந்தது. ஜாலான் புசாரில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக், சர்வீசுக்கு விட்டபோது கேட்டார்.

"பின்னாடி ரொம்ப டைட்டா இருக்குண்ணே. ஒரு ஆளுக்கு செட் பண்ணிடவா?"

"வேணாம், அப்படியே இருக்கட்டும்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

ஏழெட்டு மாதம் அப்படியே குலுங்கிக்கொண்டு ஓட்டினேன். பிறகு ஒரு நாள் காலையில், காலாங் ஆற்றுப் பாலத்தின் மேல் போகும்போது, குலுக்கல் இல்லை. வண்டி பின்னால் தணிந்து, ஆள் உட்கார்ந்திருப்பதுபோல மெத்தென்று போனது. கைப்பிடி லேசாக ஆடியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிச்சல் வரவில்லை என்பதுதான் சரி. மறுநாளும் அப்படித்தான். அதே வாரத்தில் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். டயரையும் ஸ்பிரிங்கையும் பார்த்துவிட்டு, "பழசாயிடுச்சு, தொய்ஞ்சு போச்சு, வேற ஒண்ணும் இல்லண்ணே" என்றார். அதுதான் உண்மையாக இருக்கும். ஆனால் அந்த எடையைச் சுமந்துகொண்டு தினமும் பாலத்தைக் கடக்க என்னால் முடியவில்லை.

அதனால்தான் அடுத்தடுத்த உரிமங்களை எடுத்தேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பிறகு ஆயிரம் சிசிக்குப் பக்கத்தில் ஒரு வண்டி வாங்கினேன். அதில் ஏறிய முதல் நாளே தெரிந்துவிட்டது, இதுதான் எனக்கு வேண்டியது என்று. அகலமான இருக்கை, கனத்த உடல், காலுக்கடியில் இன்ஜினின் இடைவிடாத உறுமல். பின்னால் யார் ஏறினாலும் இறங்கினாலும் அது பெரிதாக எதையும் என்னிடம் சொல்லவில்லை. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நிம்மதியாக ஓட்டினேன்.

சென்ற ஆண்டு என் மனைவியின் பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அவள் இருந்தபோது தன் பிறந்தநாளன்று காத்தோங் பிள்ளையார் கோயிலில் மகள் பெயருக்குத்தான் அர்ச்சனை செய்வாள். அந்த வழக்கத்தை நாங்கள் விடவில்லை. காலையில் மகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

மவுண்ட்பேட்டன் ரோட்டுக்கு முன்னால் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினேன். எண்ணெய் நிரப்பிய பிறகு, வண்டியை ஓரமாகத் தள்ளிப் போய்ச் சக்கரங்களுக்குக் காற்றடித்தேன். மகள் எனக்குப் பின்னால் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஹெல்மெட்டை மாட்டி, ஏறி, இன்ஜினைக் கிளப்பி, இரண்டு கால்களையும் ஊன்றி அவள் ஏறுவதற்காகக் காத்திருந்தேன்.

இடது தோளில் இரண்டு தட்டு.

கிளம்பினேன். வண்டி தணிந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தட்டியது மட்டும் நன்றாகத் தெரிந்தது. மவுண்ட்பேட்டன் ரோட்டில் மரநிழல் நீளமாக விழுந்திருந்தது. வழக்கமாக ஓட்டும்போது பேசாதவன் அன்று பேசினேன். இதே சாலையில் ஒருமுறை மழையில் மாட்டிக்கொண்டு என் மனைவியும் நானும் பேருந்து நிறுத்தத்தில் நின்றதை, அவள் தன் டிபன் டப்பாவைத் திறந்து எனக்கு உப்புமா ஊட்டியதை, எல்லாம் சொன்னேன். பதில் வரவில்லை. ஹெல்மெட்டுக்குள் பதில் கேட்காதது புதிதில்லை. சந்தோஷமாக இருந்தேன். அதை எழுதாமல் விட்டால் இதில் எதையும் எழுதியதற்கு அர்த்தமில்லை.

கோயில் பக்கம் நிறுத்தி, "இறங்கும்மா" என்றேன்.

யாரும் இறங்கவில்லை. திரும்பினேன். பின்சீட் காலி.

விழுந்துவிட்டாள் என்றுதான் முதலில் தோன்றியது. வந்த சாலை முழுவதும் ஒரே கணத்தில் கண்ணுக்குள் ஓடியது. வண்டியைத் திருப்பப் போனேன். அப்போதுதான் சட்டைப் பைக்குள் கைபேசி அதிர்வதை உணர்ந்தேன்.

"அப்பா, வேர் ஆர் யூ? நான் இங்கயே நிக்கிறேன்! டாய்லெட் போய்ட்டு வரேன்னு சொன்னேன்ல?"

திரும்பிப் போனபோது அவள் பெட்ரோல் நிலையத்தின் நடைபாதைத் திட்டில் ஹெல்மெட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தாள்.

"இன்ஜின் சத்தத்துல கேக்கலம்மா."

"ஆள் ஏறலைன்னு கூடவா தெரியாது?"

"நீ தட்டினியே" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே சரியாகப் படவில்லை.

"என்ன தட்டினேன்?"

"தோள்ல. ரெண்டு தடவை."

அவள் ஹெல்மெட்டைத் திட்டில் வைத்தாள். "நான் தட்டவே மாட்டேன்ப்பா. உங்க ஜாக்கெட்டைத்தான் பிடிப்பேன். அம்மாதான் தட்டுவாங்க."

பக்கத்தில் ஒருவர் தன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அவள் அருகே திட்டில் உட்கார்ந்தேன். காலாங் பாலத்தில் நடந்ததை அவளிடம் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பயந்துவிடுவாளோ என்று நினைத்தேன். பயப்படவில்லை. கோபப்பட்டாள்.

"அப்போ, அம்மா போனப்புறம் நானும்தானே பின்னாடி உக்காந்து ஸ்கூலுக்கு வந்தேன், அந்தச் சின்ன வண்டியில? நான் ஏறினாலே நீங்க முன்னாடி தள்ளி உக்காருவீங்க. அம்மா இடத்துல நான் உக்காருறது உங்களுக்குப் பிடிக்கலைன்னு நினைச்சேன். அப்புறம் இதை வாங்கினீங்க. பின்னாடி யார் இருக்காங்கன்னு தெரியக் கூடாதுன்னுதானே வாங்கினீங்க?"

 "ஆமாம்" என்றேன்.

கோயிலுக்குத் தாமதமாகப் போனோம். அர்ச்சனைத் தட்டை அவளே வாங்கி, தன் பெயரையும் நட்சத்திரத்தையும் அர்ச்சகரிடம் சொன்னாள். திரும்பும் வழியில் ஒவ்வொரு சிக்னலிலும் கையைப் பின்னால் நீட்டி அவள் முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன். மூன்றாவது சிக்னலில் என் கையைத் தட்டிவிட்டாள், எரிச்சலில்.

அன்று மாலை வீட்டில் அவள் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். இத்தனை வருடமாக நாங்கள் இருவரும் பேசாமல் வைத்திருந்த பேச்சு. பேச்சுவாக்கில், கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அம்மாவுக்கு மோட்டார் சைக்கிள்னா ரொம்பப் பயம். தெரியுமா உங்களுக்கு?"

"யாருக்கு? உங்கம்மாவுக்கா? பதினொரு வருஷம் தினம் வந்தாளே."

"கண்ணை மூடிக்குவாங்களாம். லாரி பக்கத்துல வந்தா வண்டி ஆடும்ல, அப்போ மூடினா ஸ்கூல் வர வரைக்கும் திறக்க மாட்டாங்களாம். பெரிய வண்டியா இருந்தா ஆடாதாமே, ஆனா அப்பாகிட்ட கேட்டுடாதேன்னு சொன்னாங்க. நீங்க அந்த வண்டியை அவ்ளோ ஆசையா துடைப்பீங்களாம்."

நான் அடுப்பில் இருந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மனைவி என் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்த காலைகள் எத்தனை. அன்பில் ஒட்டிக்கொள்கிறாள் என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைத்திருந்தேன்.

"எண்ணெய் புகையுதுப்பா" என்றாள் மகள். கத்தரிக்காயை வாங்கிச் சட்டியில் போட்டேன்.