கிணற்றில் எறிந்த மாத்திரை

நடந்தவை, வரிசைப்படி:

1. இணையத் தளம் ஒன்றில் வரும், மனதை மிரட்டும் திகில் தொடர் ஒன்றின் இரண்டாவது சீசனை அம்மா, தங்கை, பக்கத்துத் தெருச் சித்தி, நான் என நால்வரும் மாலை ஜெபமாலை முடிந்ததும் உட்கார்ந்து பார்த்தோம்.
2. கதையில் ஒரு பெண்ணுக்குக் குரல்கள் கேட்கின்றன. மருத்துவர் தரும் மாத்திரைதான் அவளைக் கட்டிப்போடுகிறது என்று காட்டுகிறார்கள். கடைசி எபிசோடில் அவள் மாத்திரைகளைக் கிணற்றில் எறிகிறாள். குரல்கள் ஓய்கின்றன.
3. என் தங்கைக்கும் முன்பு குரல்கள் கேட்டன. மாத்திரை போட்டதில் நின்றிருந்தன. பி.எட். சேர்ந்து, எரியோடு ஊர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கற்பித்தல் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.
4. சீசன் முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை, அம்மா அவளுடைய மாத்திரைகளைக் கொண்டுபோய் அந்தோனியார் கோயிலில் வைத்துவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை.
5. அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு, அதற்குப் பதிலாகச் சத்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தார்.
6. சில வாரங்களில் தங்கை வகுப்பறையில் நிலைகுலைந்தாள்.

நான் மென்பொருள் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். பிழை வந்தால் எந்த இடத்தில் தொடங்கியது என்று பின்னோக்கிப் போவது பழக்கம். இந்தப் பிழையில் பின்னோக்கிப் போகப் போக எனக்குக் கோபம்தான் ஏறியது.

சீசனைப் பார்த்தபோது எங்களில் அதிகம் சிரித்தவள் தங்கைதான். அந்தக் கதாநாயகிக்குக் கேட்கும் குரல் கவிதை மாதிரிப் பேசும், பின்னணியில் வயலின் அழும். “எனக்குக் கேட்டது இம்புட்டு அழகாவா பேசுச்சு? கேட்டைப் பூட்டு, கேட்டைப் பூட்டுன்னு நச்சரிக்கும், அம்புட்டுதான்” என்றாள். “அந்த அக்காவுக்கு வேலைவெட்டி இல்ல. ரெண்டு பாடக்குறிப்பு எழுதச் சொன்னா பேய் தானா ஓடிரும்.”

சித்தி சிரிக்கவில்லை. “பாத்தியாக்கா, மருந்துதான் அந்தப் புள்ளைய அமுக்கி வச்சிருக்கு” என்று அம்மாவிடம் சொன்னார். அப்போதே நான் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பதில்லை. கதையைக் கதையாகப் பார்ப்பார்கள் என்று நம்புவது குற்றமில்லை.

பள்ளியிலிருந்து தலைமையாசிரியை அழைத்ததும் ஸ்கூட்டரில் போனேன். தங்கை ஆசிரியர் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கரும்பலகையில் பின்னக் கணக்கைப் பாதி எழுதிவிட்டு, பிள்ளைகளை எழுந்து போய் கேட்டைப் பூட்டச் சொல்லிக் கத்தியிருக்கிறாள். சில பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். என்னைக் கண்டதும், “மாத்திரை தவறாமப் போட்டேன்க்கா. நிசமா போட்டேன்” என்றாள். வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வெள்ளை, வட்டம், ஆனால் அது வேறு மாத்திரை. தங்கையும் வித்தியாசத்தைக் கவனித்திருக்கிறாள். கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாளாம். அம்மா கையால் கொடுத்ததை யார் சந்தேகப்படுவார்கள்?

“அவ மாத்திரை எங்கம்மா?”

“அந்தோனியாருக்கு வச்சுட்டேன்.”

எங்கள் பக்கத்தில் நேர்ச்சை உண்டு. கால் குணமானவர் ஊன்றுகோலைக் கோயிலில் வைத்துவிட்டு நடந்து வீட்டுக்கு வருவார். அது நன்றி. குணமான பிறகு செலுத்துவது. அம்மா அதைத் தலைகீழாக்கிவிட்டார்.

“குணமானப்புறம்தானம்மா வைப்பாங்க.”

“முன்னாடியே வச்சா நம்ம விசுவாசத்தப் பாத்து சீக்கிரம் எரக்கப்படுவாருன்னு சித்தி சொன்னா. நீயும்தான பாத்த, அந்தப் புள்ள தூக்கிப் போட்டதும் சரியாயிருச்சுல்ல?”

“அது நடிப்பும்மா.”

“நடிப்புன்னா? ஒண்ணும் இல்லாததையா அம்புட்டுப் பேரு சேந்து எடுப்பாங்க?”

அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பாக்கணும்னா மாத்திரைய வச்சுக்கிட்டு எப்படிப் பாக்க?” என்றார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. புரிந்தும் கோபம் தணியவில்லை. தங்கை கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். “அப்ப நான் போட்டது என்னம்மா?” என்று மட்டும் கேட்டாள். அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வார இறுதியில் கடைசி எபிசோடை மறுபடி ஓடவிட்டேன். கதாநாயகியின் அண்ணன் சிகரெட் பற்றவைக்கிறான். உடனே திரையின் மூலையில் எச்சரிக்கை வருகிறது. அவன் புகையை ஊதி முடிக்கும் வரை நிற்கிறது. அடுத்த காட்சியில் தங்கை போடுவது போன்ற மாத்திரைகள் கிணற்றுக்குள் போகின்றன. மூலை காலியாக இருக்கிறது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒரு வரி இல்லை. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள் என்று எழுத அவர்களுக்கு என்ன செலவு? எழுதியவர்கள் நோயைப் படித்திருக்கிறார்கள் என்பது முதல் எபிசோடில் தெரிகிறது. தூக்கம் கெடுவது, குளிக்காமல் இருப்பது எல்லாம் சரியாக வருகிறது. தெரிந்தவர்கள்தான் முடிவை அப்படி வைத்தார்கள். அழகாக இருக்கும் என்பதற்காக வைத்தார்கள். தண்ணீரில் மாத்திரைகள் மெதுவாக இறங்குவதைக் கேமரா ஆசை ஆசையாகப் பார்க்கிறது.

இதையெல்லாம் அந்தத் தளத்துக்குப் புகாராக எழுதி அனுப்பினேன். உங்கள் கருத்துக்கு நன்றி, தொடர்ந்து பார்த்து மகிழுங்கள் என்று பதில் வந்தது.

தங்கை மீண்டும் மாத்திரை போடுகிறாள். பெட்டி அவளிடமே இருக்கிறது. மருந்து முன்போல் பிடிக்க மாதங்கள் ஆகும் என்கிறார் மருத்துவர். பகலிலும் தூங்குகிறாள். இந்த ஆண்டுப் பயிற்சி கணக்கில் வராது. அடுத்த ஆண்டு வேறு பள்ளியில் முதலிலிருந்து செய்ய வேண்டும். செய்வேன் என்கிறாள். சித்தி இப்போது எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அம்மாவும் நானும் சாப்பாட்டைப் பற்றியும் மருந்துக்கடையைப் பற்றியும் மட்டும் பேசிக்கொள்கிறோம்.